எத்தனை குட்டி இருந்தது?

தை மாதம் இருபத்திரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழு பதினைந்து. மலையில் பனி பாதிவரை இறங்கி நின்றது. கீழே காற்று துளியும் இல்லை. அந்தியூர்ப் பக்கம் நான் ரேஞ்சராக இருந்த கடைசி வருடம் அது. இரத்த அழுத்த மாத்திரையை வாயில் போட்டுவிட்டுத் தண்ணீர் டம்ளரைத் தூக்கினேன். போன் அடித்தது. வனக் காப்பாளர் செந்தில்.

"சார், அடிவாரத்துல சின்னச்சாமியண்ணன் கரும்புக் காட்டுல சிறுத்தைக் குட்டிங்களாமுங்க. வெட்டாளுங்க பாத்திருக்காங்க. ஊரே அங்கதான் நிக்குதுங்க."

மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினேன். அது தொண்டையில் நின்ற கசப்பு மத்தியானம் வரை போகவில்லை.

இந்த வருடம் வனத்துறையில் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் அம்மணிகளுக்கும் இதை எழுதுகிறேன். போன மாதம் துடியலூரில் என் வீட்டுக்கு உங்களில் நான்கு பேர் வந்திருந்தீர்கள். சிறுத்தை எதிரே வந்தால் என்ன செய்யவேண்டும் என்று கேட்டீர்கள். என் முப்பத்து நான்கு வருட வேலையில் சிறுத்தை எதிரே வந்தது ஆறு முறை. ஆறு முறையும் அதுதான் முதலில் விலகிப் போனது. அதனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. சிறுத்தையைச் சுற்றி அறுபது பேர் நிற்கும்போது என்ன செய்யவேண்டும் என்பதுதான் நம் வேலை. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லமுடியும். அன்றைக்கு நான் செய்த தப்பை உங்களில் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது செய்யப்போகிறீர்கள் என்பதால் அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கரும்பு வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பாதையோரத்தில் ஆரம்பித்து உள்ளே உள்ளே போவார்கள். ஆள் நெருங்க நெருங்க, உள்ளே இருக்கும் உயிர்களெல்லாம் வெட்டாத பக்கமாக ஒதுங்கும். முயல், காட்டுப்பன்றி, சிறுத்தை, எல்லாமே அப்படித்தான். கடைசியில் ஒரு துண்டு மிஞ்சும். சின்னச்சாமியின் மூன்று ஏக்கரில் அன்று மிஞ்சியிருந்தது சுமார் இருபது சென்ட், ஓடையை ஒட்டின பக்கம். அந்தத் துண்டின் விளிம்பில் சோகையை, அதாவது காய்ந்த கரும்புத் தாளை, இழுத்தபோதுதான் குட்டிகள் கிடந்திருக்கின்றன. தாயைக் காணோம். ஆள் சத்தத்தில் ஓடைக்குள் இறங்கியிருப்பாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது எட்டு நாற்பது. இலை உதிர்ந்த வேப்பமரத்தடியில் ஒரு தக்காளிப் பெட்டி, அதைச் சுற்றி ஆட்கள். எண்ணினேன்: அறுபத்தொன்று. கையில் போன் வைத்திருந்தவர்கள் முப்பத்தெட்டு. எனக்கு எண்ணாமல் இருக்க முடியாது. என் மனைவி இதை ஒரு வியாதி என்பாள்.

"வாங்க சார். டீத்தண்ணி குடிங்க மொதல்ல" என்றார் சின்னச்சாமி.

"குட்டிகளைப் பார்த்துக்கிறேங்க."

"அதுங்க எங்க போகப்போகுது. குடிச்சுப்போட்டுப் பாருங்."

அவர் தோட்டத்தில் சிறுத்தை குட்டி போட்டிருக்கிறது. பாதையில் சர்க்கரை ஆலை லாரி காத்துக்கொண்டிருக்கிறது. வெட்டாட்கள் பதினான்கு பேர் அரிவாளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போதும் வந்த ஆளுக்கு டீ கொடுக்காமல் அவரால் பேச்சை ஆரம்பிக்க முடியவில்லை. குடித்தேன். கொங்கு நாட்டில் வேலை பார்க்கும் தம்பிகள் அந்த டீயை மறுக்காதீர்கள். மறுத்தால் அடுத்து நீங்கள் கேட்கப்போகும் உதவியும் மறுக்கப்படும், அதுவும் நெம்ப மரியாதையாக.

பெட்டிக்குப் பக்கத்தில் சின்னச்சாமியின் மனைவி மயிலாத்தாள் குந்தியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஈரத் துண்டைப் பெட்டிமேல் பந்தல் மாதிரி கட்டி நிழல் செய்திருந்தார். உள்ளே இரண்டு குட்டிகள், மூன்று வாரக் குட்டிகள், நீலக் கண். வயிறு உருண்டையாக இருந்தது. இரண்டின் கன்னத்திலும் கறுப்பாக ஒரு பெரிய பொட்டு.

"இது என்னங்க?"

"மைப் பொட்டுங்க. எத்தன பேரு பாக்கறாங்க பாருங். கண்ணு பட்டுப்போடுமில்லீங்ளா."

"ஏனுங்க அம்மணி, சிறுத்தைக்கு உடம்பு பூராப் பொட்டுத்தானே."

"அது அதும்பட பொட்டுங்க. இது நம்ம வெக்கறது."

ஆட்டுப் பாலைச் சங்கில் ஊற்றிக் கொடுத்திருந்தார். தொடக்கூடாது, பால் கொடுக்கக்கூடாது, மை வைக்கவே கூடாது. சட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் வாசகம் உண்டு. வாசகங்களை ஓரமாக வைத்தேன். அவர் அந்தத் துண்டைக் கட்டியிராவிட்டால் ஏறிக்கொண்டிருந்த வெயிலில் நான் வருவதற்குள் குட்டிகள் துவண்டிருக்கும்.

வெட்டாட்களின் மேஸ்திரி ஏழுமலையைக் கூப்பிட்டேன். விழுப்புரம் பக்கத்து ஆள். குடும்பத்தோடு வந்து, காட்டோரத்தில் தார்ப்பாய்க் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள்.

"எத்தனை குட்டி ஏழுமலை?"

அவர் பெட்டியை எட்டிப் பார்த்தார். "ரெண்டு சார்."

நானும் பார்த்தேன். இரண்டு. எழுதிக்கொண்டேன். இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். அறுபத்தொரு பேரை எண்ணினவன், முப்பத்தெட்டுப் போன்களை எண்ணினவன், இந்தக் கேள்வியை மட்டும் இப்படிக் கேட்டுவிட்டு நகர்ந்தேன்.

மேலதிகாரி போனில் வந்தார். நல்ல மனிதர், ஆனால் அவர் இருந்த அறையிலிருந்து கரும்பு தெரியாது.

"கூட்டம் சேர்ந்துட்டா சிக்கல். குட்டிகளை ஆபீசுக்குக் கொண்டாந்துடுங்க."

கொண்டுவந்தால் படம் எடுத்துப் போடலாம், கூட்டமும் கலைந்துவிடும். ஆனால் பொழுது இறங்கினால் தாய் இங்கே வருவாள். குட்டி இல்லாத இடத்தில் அவள் தேடுவாள். அந்தத் துண்டிலிருந்து வெட்டாட்களின் குடிசை இருநூறு அடிதான். அங்கே ஐந்து குழந்தைகள், மூத்ததற்கு ஏழு வயது. இதைச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "உங்க பொறுப்பு" என்றார். இந்த இரண்டு வார்த்தையை எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்பதற்கும் என்னிடம் கணக்கு இருக்கிறது. இங்கே வேண்டாம்.

குட்டிகளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கவேண்டும். தாய் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும் வரை யாரும் அங்கே போகக்கூடாது. அதற்கு வெட்டு நிற்கவேண்டும்.

சின்னச்சாமி தலையைச் சொறிந்தார். "சார், ஆலைக்காரங்க குடுத்த கட்டிங் ஆர்டர் இன்னிக்கோட முடியுதுங்க. உட்டா மறுக்கா எப்ப வருமோ தெரியாது. வெட்டுன கரும்பு வேற காஞ்சுட்டுக் கெடக்குது. எட நிக்காதுங்க."

ஏழுமலை, "எங்களுக்கு நாளைக்கு வேற காடு சார்" என்றார்.

"ஒரே ராத்திரி. ஆலைக்கு நான் பேசிக்கிறேன். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு அருவா வைங்க. நான் கேக்கமாட்டேன்."

"ஏழுக்கு நிச்சயமுங்களா?"

"நிச்சயமுங்க."

மயிலாத்தாள் குறுக்கே வந்தார். "உட்டுப்போடுங்க. பெத்தவ வந்துட்டுப் போகட்டும். வெட்டறவிய பொம்பளைங்க கொளந்தைங்க எல்லாத்தையும் நம்ம மஞ்சக் குடோன்ல படுக்கச் சொல்லுங். சோறு நான் ஆக்கிப்போடறேன்."

சின்னச்சாமி மனைவியைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவளே சொல்லிப்போட்டா. அப்பொறம் நானென்னத்தச் சொல்றது" என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் பெட்டியைக் கொண்டுபோய் அதே சோகையின் பக்கத்தில் ஒருச்சாய்த்து வைத்தோம். நானும் செந்திலும் மோட்டார் ரூம் மாடியில் ஏறிப் படுத்துக்கொண்டோம். ஏழு பத்துக்கு, மோட்டார் ரூம் பல்பு வெளிச்சத்தின் ஓரத்தில், அவள் வந்தாள். கரும்புத் தாள் அசையக்கூட இல்லை. முன்பு இல்லாத இடத்தில் இருந்தாள், அவ்வளவுதான். பெட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். மை வாடைக்கு முகம் சுளிப்பாளோ என்று நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். நக்கினாள், நக்கிக்கொண்டே இருந்தாள். ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடைக்குள் இறங்கினாள். ஐம்பது நிமிடம் கழித்து வந்து இன்னொன்று. செந்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். மேலதிகாரியைக் கூப்பிட்டு, "முடிந்தது, இரண்டும் போய்விட்டன" என்றேன். அவர் எனக்கு இரண்டு முறை நன்றி சொன்னார். நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா.

மாடியிலேயே தூங்கிப்போனோம். தை மாதப் பனியில் இருட்டில் இறங்கி நடக்க எனக்குத் தைரியம் இல்லை என்பதும் ஒரு காரணம்.

விடிய ஆறு ஐந்துக்குச் செந்தில் எழுப்பினான். "சார், பாருங்க."

அவள் பெட்டியருகே உட்கார்ந்திருந்தாள். பெட்டி வைத்த இடத்தில் இல்லை. இரண்டு ஆள் நீளத்துக்கு இழுத்திருந்தாள். ஒரு பக்கச் சட்டம் கடிபட்டு நார்நாராய் இருந்தது. சோகையை முன்னங்காலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் நடந்து அடித் தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தாள். மரத்தை அறுக்கும் சத்தம் இல்லை, நீங்கள் பயிற்சியில் கேட்டிருப்பது அது. இது சின்னது, கூப்பிடுகிற சத்தம். திரும்ப வந்து பெட்டிக்குள் தலையை விட்டாள்.

"பொட்டியத் திருப்பிக் குடுக்கலாமுன்னு வந்திருக்கறாளோ என்னமோங்க" என்றான் செந்தில்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.  இரவெல்லாம் அவள் போய்ப் போய் வந்திருக்கிறாள். இரண்டு குட்டியைக் கொண்டுபோனவள் வெறும் பெட்டிக்காக வரமாட்டாள். அவள் கணக்கும் என் கணக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டில் எது சரியாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"செந்திலு, இன்னொரு குட்டி இருக்குது."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "அப்ப அவனுங்கதாங்க சார். அசலூர்க்காரனுங்க, விக்கறதுக்கு அமுக்கிருப்பானுங்க. குடிசையப் பூராம் சோதன போடலாமுங்க."

ஏழு மணிக்கு ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது. வெட்டாட்களின் பெண்கள் அதற்குள் குடோனிலிருந்து குடிசைக்குத் திரும்பி அடுப்புப் பற்றவைத்திருந்தார்கள், புகை தெரிந்தது. ஒரு குழந்தை அழும் சத்தமும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அவள் தலையைத் திருப்பினாள். ஏழு மணிக்குப் பதினான்கு அரிவாள் அந்தத் துண்டைச் சுற்றி நிற்கும். தேடிக்கொண்டிருக்கும் தாய் உள்ளே இருப்பாள். அவள் ஒருவரைக் கிழித்தால் போதும். அப்புறம் அந்த ஊரில் எந்தச் சிறுத்தையும் எந்தக் குட்டியும் தப்பாது. அதற்குள் மூன்றாவது குட்டி கிடைக்கவேண்டும்.

செந்தில் சொன்னதைச் செய்திருக்கலாம். சோதனை என்று இறங்கினால் எதுவோ ஒன்று கிடைக்கும். கொஞ்சம் கஞ்சா கிடைக்கலாம், முயல் வலை கிடைக்கலாம். ஊர் ஜனமும் கூடி வெளியூர் ஆட்களை அடிக்கும். குட்டி மட்டும் கிடைக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வனவர் எனக்கு மேலே இருந்தார். ஆளைச் சோதிப்பதற்கு முன்னால் நீ கேட்ட கேள்வியைச் சோதித்துப் பார் என்பார். எரிச்சலான மனிதர், வெற்றிலை துப்பிக்கொண்டே சொல்வார். அவர் சொல்லி முப்பது வருடம் கழித்து எனக்கு அது அந்த மாடியில் உறைத்தது.

பின்பக்க ஏணி வழியாக இறங்கி, வெட்டின காட்டைச் சுற்றிக்கொண்டு குடிசைக்குப் போனேன். பெண்களையும் குழந்தைகளையும் உடனே குடோனுக்குத் திரும்பப் போகச் சொன்னேன். உலையில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். ஏழுமலை பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏழுமலை, நேத்து சோகையை இழுத்தப்ப அங்க எத்தனை குட்டி இருந்துச்சு?"

"மூணு சார்."

"நேத்து ரெண்டுன்னீங்களே."

"பொட்டியக் காட்டி எத்தினின்னு கேட்டீங்க. பொட்டில ரெண்டுதான சார் இருந்துது." அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "இன்னொண்ண நீங்க வர்றதுக்கு மின்னாடியே அந்தம்மா எடுத்துக்கினு போய்டுச்சி. நோஞ்சானா இருந்துது. உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

மயிலாத்தாளின் ஆட்டுப்பட்டி வீட்டுக்குப் பின்னால். அவர் ஒரு ஆட்டைக் கால் இடுக்கில் நிறுத்திப் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கூடை, கூடைக்குள் கோணிச்சாக்கு, சாக்குக்குள் பிறந்து சில நாளே ஆன ஒரு வெள்ளாட்டுக் குட்டி சுருண்டிருந்தது. அதன் வயிற்றை ஒட்டிச் சிறுத்தைக் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. இதன் கன்னத்திலும் பொட்டு. இதற்கு இரண்டு கன்னத்திலும்.

நான் அங்கே நின்ற நிலையைப் பார்த்து அவர் கையை எடுத்தார்.

"உக்காருங்க சார். பாலு இருக்குது, காபி போடட்டுங்களா?"

"அம்மணி, இதை ஏனுங்க வெச்சுக்கிட்டீங்க?"

"மூணாங் குட்டிங்க" என்றார், அதிலேயே எல்லாம் விளங்கிவிடும் என்பதுபோல. எனக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "ஆடு மூணு போட்டா நாம என்னங்க பண்ணுவோம்? அதுக்கு ரெண்டு காம்புதான. கொளுத்தது ரெண்டும் குடிச்சுப்போட்டு, நோஞ்சானத் தள்ளி உட்டுரும். அது செத்துப்போகும். அதனால மூணாங் குட்டிய எடுத்து நாமதான் சங்குல ஊட்டோணும். இந்தா, இதும் மூணாங் குட்டிதான்" என்று வெள்ளாட்டுக் குட்டியைக் காட்டினார். "நான் இப்படி எத்தனையப் பொழைக்க வெச்சிருக்கறேன். கேட்டுப் பாருங், ஊருக்கே தெரியும்."

ஒளித்துவைக்கவும் இல்லை, திருடவும் இல்லை. ஆடு வளர்க்கிற எவரும் யோசிக்காமல் செய்வதைச் செய்திருக்கிறார். நேற்று என்னிடம் சொல்லாததற்குக்கூட வேறு காரணம் இல்லை. ஆட்டுப்பட்டியில் மூன்றாம் குட்டியை எடுத்தேன் என்று யாராவது ரேஞ்சரிடம் போய்ச் சொல்வார்களா?

"சிறுத்தைக்கு நாலு காம்புங்க அம்மணி."

அவர் என்னையே பார்த்தார். "நாலா? மாடாட்டவா?"

"ஆமாங்க. மூணும் குடிக்கலாம்."

"அப்பொறம் எதுக்குங்க இது மட்டும் இப்படி நோஞ்சானாக் கெடக்குது?"

 "தெரியலீங்க" என்றேன்.

"தெரியாதுங்கறீங்க. தெரியாமக் கொண்டுபோயி உட்டுச் செத்துப்போச்சுன்னா?" சாக்கை இழுத்துக் குட்டிக்குப் போர்த்தினார். "நேத்து அந்தியில கண்ணே தொறக்கலீங்க. ராத்திரி பூராம் நான் தூங்கல. இப்பத்தான் ஒரு வாய் முழுங்குச்சு."

இப்போது உங்களுக்குச் சட்டம் நினைவு வரும். எனக்கும் வந்தது. கூடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம். பின்னால் மூன்று ஆள் வந்தாலும் நம் பக்கம் சட்டம் இருக்கிறது. மணி ஆறு முப்பது. ஆனால் பிடுங்கினால் அந்த அடிவாரத்தில் அடுத்த முறை ஒரு குட்டி கிடைக்கும்போது யாரும் எனக்குப் போன் செய்யமாட்டார்கள், என் இடத்துக்கு வரும் உங்களுக்கும் செய்யமாட்டார்கள். சிறுத்தையோடு வாழ்வது அவர்கள். நாம் மாற்றலாகிப் போய்விடுவோம்.

"அம்மணி, ஒண்ணு பண்ணுங்க. கூடையை எடுத்துக்கிட்டு என்கூட மோட்டார் ரூம் மாடி வரைக்கும் வாங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

பொதுமக்களை அந்த இடத்துக்குக் கூட்டிப்போவது விதிமீறல். நீங்கள் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இந்த வரியை ஆரம்பித்தேன், ஆனால் சொல்லப்போவதில்லை. தோட்டத்துப் பின்பக்கமாகவே வந்தோம். என் முழங்காலும் அவர் சேலையும் ஏணியில் படாதபாடு பட்டன. செந்தில் கூடையைப் பார்த்து வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டினேன்.

அவள் அப்போதும் அங்கேயே இருந்தாள். பெட்டியில் தலையை விட்டு எடுத்தாள். ஓடைப்பக்கம் பத்தடி போனாள். அங்கே இரண்டு காத்திருக்கின்றன. நின்றாள். திரும்பி வந்தாள். மறுபடியும் பெட்டி. மறுபடியும் அந்தச் சின்னச் சத்தம்.

கூடைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது அந்தச் சத்தத்துக்குக் கண்ணைத் திறந்தது. பதிலுக்கு ஒன்றும் சொல்லத் தெம்பில்லை. வாயை மட்டும் திறந்தது.

மயிலாத்தாள் அவளையே பார்த்தார். பிறகு, "ஆடு இப்படித் தேடாதுங்க" என்றார். கூடையை என் பக்கம் நகர்த்தினார். "கொண்டுபோங்க. வெசையாக் கொண்டுபோங்க, ஆளுக வந்துருவாங்க."

தாய் நிற்கும் இடத்தில் குட்டியை எப்படி வைப்பது? நடந்து போகமுடியாது. டிராக்டர் சத்தம் மட்டும் அவளுக்கு வருடம் முழுதும் பழக்கம். வந்தால் விலகுவாள், போனால் திரும்புவாள். சின்னச்சாமியைக் கூப்பிட்டேன். அவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "அவ மூணாங் குட்டின்னா என்னையே சோறில்லாம உட்டுருவாளுங்க" என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். நான் மட்கார்டில் உட்கார்ந்தேன், சட்டைக்குள் குட்டி. என் வயிற்றுமேல் அதன் இதயம் அடித்தது. எண்ணிப் பார்த்தேன், எண்ண முடியாத வேகம்.

அவள் டிராக்டரைப் பார்த்ததும் ஓடைக்குள் பின்வாங்கினாள். எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. சின்னச்சாமி பெட்டியை உரசினாற்போல் நிறுத்தினார். நான் இறங்கவேண்டும். இறங்கினேன். ஐம்பத்தொன்பது வயது, சர்க்கரை, முழங்கால் தேய்மானம். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் குட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு பெட்டியில் வைத்தேன். அது என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நகம் உள்ளே இறங்கியிருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது.

"ஏறுங்க சார்" என்றார் சின்னச்சாமி மிக மெதுவாக. அவர் ஓடைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவா ஏறுங்க. திரும்பிப் பாக்காதீங்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் என்ன பார்த்தார் என்று இதுவரை கேட்கவும் இல்லை.

திரும்பி வந்தபோது ஏழு மணி ஆகிவிட்டது. பாதையில் வெட்டாட்கள் பதினான்கு பேரும், ஊர்க்காரர்கள் முப்பது பேருக்கு மேலும். நான் வாக்குக் கொடுத்த நேரம். ஏழுமலையிடம் போய், "இன்னும் கொஞ்சம்" என்றேன். அவர் கரும்புத் துண்டைப் பார்த்தார். அரிவாளைத் தரையில் போட்டுவிட்டுக் குந்தினார். மற்றவர்களும் குந்தினார்கள். ஊர்ப் பிள்ளைகள்தான் அடங்கவில்லை. ஒருவன் டிரம்மின்மேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தான்.

மோட்டார் ரூம் மாடியிலிருந்து மயிலாத்தாள் குரல், அடக்கின குரல்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது: "டேய் கதிரு. போன எறக்குடா. உன்ற பொண்டாட்டி புள்ள பெத்தப்ப ஆராச்சும் இப்படி டிரம்மு மேல ஏறிப் படம் புடிச்சாங்களா?"

"நாந்தாங்க அத்தை புடிச்சேன்" என்று முனகினான். ஆனால் இறக்கினான். ஒவ்வொருவராக எல்லாருமே இறக்கினார்கள்.

ஏழு இருபதுக்கு அவள் வந்தாள். நல்ல வெளிச்சம். நாற்பத்துச் சொச்சம் பேர் பார்க்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். ஒருமுறை எங்கள் பக்கம் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் குனிந்தாள். எடுத்தபோது அது அவள் வாயில் ஒரு பழந்துணி மாதிரித் தொங்கியது. போகிற வழியில் ஒருமுறை கீழே வைத்து, கன்னத்தை நக்கி, மறுபடி கவ்விக்கொண்டு ஓடையில் இறங்கினாள். அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை. எட்டரை வரை காத்திருந்து, துண்டை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "வைங்க அருவா" என்றேன்.

பெட்டியைப் பார்த்து எத்தனை என்று கேட்காதீர்கள்; எத்தனை இருந்தது என்று கேளுங்கள். யாரிடம் கேட்டாலும் குற்றவாளியிடம் கேட்பதுபோல் கேட்காதீர்கள். இந்த இரண்டு வரிக்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

அந்தக் குட்டி பிழைத்ததா என்று கேட்பீர்கள். மயிலாத்தாளும் கேட்பார். ஓய்வுபெற்று வந்த பிறகும் மாதம் ஒருமுறை போன் செய்வார்: "ஏனுங்க சார், அது இருக்குதுங்களா?" இருக்கிறது என்று சொன்னால் அவருக்கு நிம்மதி, எனக்கும் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் தெரியாததைத் தெரியும் என்று நான் அவரிடம் சொன்னதில்லை. ஆட்டுப்பட்டியில் தெரியாது என்று ஒத்துக்கொண்ட ஆளிடம்தான் அவர் கூடையை நீட்டினார். "தெரியலீங்க அம்மணி" என்பேன். "செரி, பாத்துச் சொல்லுங்" என்று வைத்துவிடுவார்.

காத்திருந்த நேரத்துக்கு யார் பணம் கொடுப்பது என்று அன்றைக்கே கேள்வி வந்தது. யானை வாழையை மிதித்தால் நிவாரணம் உண்டு, சிறுத்தை ஆட்டைத் தூக்கினால் உண்டு. தாய் வந்து குட்டியை எடுத்துப்போகும் வரை ஊர் காத்திருந்தால் அதற்கு எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. ஏழுமலை கேட்கவே இல்லை. ஆனால் அரை நாள் போனது போனதுதான். வெட்டாட்கள் பதினான்கு பேருக்கு ஆளுக்கு முந்நூற்றைம்பது கொடுத்தேன். லாரி டிரைவருக்குக் காத்திருந்ததற்கு ஆயிரத்து ஐந்நூறு. அறுபது டீ, பன்னிரண்டு ரூபாய் வீதம், எழுநூற்று இருபது. சின்னச்சாமி கரும்பு காய்ந்ததற்கு ஒரு பைசா வாங்க மறுத்துவிட்டார்.

கிளம்பும்போது மயிலாத்தாள் ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், பாலுக்கு நாப்பது ரூவா குடுங்க."

சின்னச்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "இவ ஒருத்தி. சார்கிட்டப் போயி பாலுக்குக் காசு கேக்கறா."

"நீங்க சும்மா இருங்க" என்றார். கையை நீட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "காசு வாங்கிப்போட்டா அது அவ குட்டிங்க. வாங்காமப் போனா என்ற குட்டியாயிரும். அப்பொறம் நான் ராத்திரிக்கு ராத்திரி ஓடையையே பாத்துட்டு உக்காந்திருக்கோணும்."

கொடுத்தேன். இரண்டு இருபது ரூபாய்த் தாள்கள். அவர் எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, கண்ணைத் துடைத்தபடி பட்டிக்குப் போய்விட்டார். எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து போனது ஏழாயிரத்து நூற்று அறுபது ரூபாய்.